புல் பேவருக்குக் கீழே என்ன இருக்கிறது?

ஒரு கார் நிறுத்தத் தமிழ்நாட்டுக் கட்டட விதிகள் ஒதுக்கச் சொல்லும் இடம் 2.5 மீட்டர் அகலம், 5 மீட்டர் நீளம். அதாவது 12.5 சதுர மீட்டர். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர் தண்ணீர். சென்னையின் சராசரி ஆண்டு மழை ஏறக்குறைய 1,400 மி.மீ என்பதால், திறந்தவெளியில் நிற்கும் ஒரே ஒரு காரின் இடத்தில் ஆண்டுக்கு 17,500 லிட்டர் விழுகிறது. 12,000 லிட்டர் தண்ணீர் லாரிக் கணக்கில் ஒன்றரை லாரி. இருபது கார் நிற்கும் குடியிருப்பில் மூன்றரை லட்சம் லிட்டர். இது முழுவதும் நிலத்தடிக்குப் போய்விடாது. கொஞ்சம் ஆவியாகும், கொஞ்சம் வழிந்தோடும். ஆனால் சிமென்ட் பூசிய தரையில் ஏறக்குறைய எல்லாமே வாசலைத் தாண்டித் தெருவுக்குப் போகிறது. வடிகால் நிரம்பியிருந்தால் அதே தண்ணீர் தரைத்தள வீட்டுக்குள் திரும்பி வருகிறது. 2015 டிசம்பரில் மூழ்கிய நகரம்தான் 2019 கோடையில் குடத்தோடு வரிசையில் நின்றது. இரண்டுக்கும் பெரிய காரணங்கள் பல உண்டு. தண்ணீர் இறங்க மண்ணை விட்டுவைக்காததும் அவற்றில் ஒன்று. 2003-ல் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கிய மாநிலம் இது. மொட்டைமாடித் தண்ணீரைக் குழாய் வைத்துக் குழிக்குக் கொண்டுபோன நாம், வீட்டைச் சுற்றியுள்ள தரைக்குச் சிமென்ட் போட்டு மூடினோம்.

இதற்கு மாற்றாக இப்போது அடுக்குமாடி விளம்பரங்களில் புல் பேவர் வருகிறது. நடுவில் துளைகள் விட்ட கான்கிரீட் கல், அல்லது தேன்கூடு போன்ற பிளாஸ்டிக் தட்டு; துளைக்குள் மண், மண்ணில் புல். நல்ல ஏற்பாடுதான். ஆனால் மழைநீரை உள்ளே வாங்குவது புல்லோ கல்லோ அல்ல, அவற்றுக்குக் கீழே கண்ணில் படாமல் கிடக்கும் ஜல்லிப் படுகை. சரியாகப் போட்டால் அடிமண்ணுக்கு மேல் ஜியோடெக்ஸ்டைல் துணி விரித்து, அதன் மேல் தூசி கழுவிய 20, 40 மி.மீ ஜல்லியைப் பரப்பி, மெல்லிய மணல் அடுக்கின் மீது கல்லை அடுக்குவார்கள். ஜல்லிகளுக்கு இடையே உள்ள வெற்றிடம்தான் அங்கே தொட்டி. பெருமழையில் தண்ணீர் அதில் தங்கி, பிறகு மெல்ல மண்ணுக்குள் இறங்குகிறது. செலவைக் குறைக்க நினைப்பவர் கைவைப்பதும் இந்த இடத்தில்தான். ஜல்லிக்குப் பதில் கிரஷர் தூசியைக் கொட்டி ரோலர் ஓட்டினால், அது இறுகித் தண்ணீரை மறிக்கும். இன்னும் மோசமாக, கல் அமுங்காமல் இருக்கட்டும் என்று அடியில் கான்கிரீட் தளம் போட்டு அதன் மேல் புல் பேவரை அடுக்குவதும் உண்டு. பார்க்கப் பச்சையாக இருக்கும். பயனில் அது பூந்தொட்டியில் வளர்த்த புல்.

இதைக் கண்டுபிடிக்க நிபுணர் வேண்டாம். ஒரு துளையில் நீளக் கம்பியை மெல்லக் குத்துங்கள். மண்ணைத் தாண்டிய உடனே எல்லா இடத்திலும் ஒரே ஆழத்தில் நங்கென்று தட்டையாக இடித்தால் சந்தேகப்படுங்கள். ஒரு குடம் தண்ணீரை ஒரே இடத்தில் ஊற்றிப் பாருங்கள். இறங்காமல் பரவி ஓடினால் சந்தேகம் உறுதிப்படும். பிறகு ஒரு கல்லைப் பெயர்க்கச் சொல்லுங்கள்.

கேட்க நாம் யார் என்ற தயக்கம் தேவையில்லை. 2016-ன் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் திறந்தவெளிப் பார்க்கிங்கைப் பொதுப் பகுதியின் விளக்கத்திலேயே சேர்த்திருக்கிறது. அதைத் தனியாக விற்கும் உரிமை பில்டருக்கு இல்லை. 2010-ல் மகாராஷ்டிர வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றமும் திறந்த பார்க்கிங் பொதுவானது என்றே சொன்னது. ஆகவே அந்தத் தரை எல்லா உரிமையாளர்களுக்கும் சேர்ந்த சொத்து. ஒப்புதல் பெற்ற வரைபடத்திலோ விவரக்குறிப்பிலோ உள்ள பொதுப் பகுதியை மாற்ற, பில்டருக்கு வீடு ஒதுக்கீடு பெற்றவர்களில் மூன்றில் இரண்டு பங்கினரின் எழுத்துப்பூர்வ ஒப்புதல் தேவை. புல் பேவர் என்று காட்டிவிட்டுச் சிமென்ட் போட்டால் அங்கேயே விதிமீறல். விளம்பரத்தில் பொய் சொல்லி விற்றால் அதே சட்டத்தின் 12-ஆம் பிரிவு இழப்பீடு தருகிறது. அதிகம் பேருக்குத் தெரியாதது 14-ஆம் பிரிவு: வீடு ஒப்படைத்த நாளிலிருந்து ஐந்து ஆண்டுக்குள் வேலைப்பாட்டிலோ தரத்திலோ குறை தெரிவித்தால், பில்டர் 30 நாளில் இலவசமாகச் சரிசெய்ய வேண்டும். செய்யாவிட்டால் தமிழ்நாடு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் முறையிடலாம்; நுகர்வோர் ஆணையமும் உண்டு. வாய்ப்பேச்சு எங்கும் எடுபடாது என்பதால், விற்பனை ஒப்பந்தத்திலேயே அடுக்குகளின் தடிமனையும் பொருளையும் எழுதி வாங்குவது நல்லது. அனுமதி வரைபடம் கைக்கு வராவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுப் போடலாம். இன்னொரு எச்சரிக்கை: பூங்காவுக்கென்று உள்ளாட்சிக்கு ஒப்படைக்க வேண்டிய திறந்தவெளி ஒதுக்கீட்டு நிலத்தில் புல் பேவர் விரித்துக் கார் நிறுத்தினால், அது பச்சையாக இருப்பதால் பூங்கா ஆகிவிடாது.

புல் பேவருக்கு எதிராகச் சொல்லப்படுபவை எல்லாமே சாக்கு அல்ல. கார் நாள் முழுக்க நின்றால் நிழலில் புல் செத்துவிடும் என்கிறார்கள், உண்மைதான். அருகம்புல் மிதியும் வெயிலும் தாங்கும், இருட்டைத் தாங்காது. அப்படிப்பட்ட இடங்களில் துளைகளில் மண்ணுக்குப் பதில் சிறு ஜல்லியை நிரப்பிவிட்டால் போதும். நமக்கு வேண்டியது தண்ணீர் இறங்குவது. பச்சை நிறம் கூடுதல் லாபம். களிமண்ணில் தண்ணீர் எங்கே இறங்கும் என்ற கேள்வி இன்னும் வலுவானது. திருவான்மியூர் மணலில் ஓடி இறங்கும் நீர், மேற்கு மாம்பலம், அண்ணா நகர், பெரம்பூர் களிமண்ணில் தயங்கும். வேளச்சேரி, ஆதம்பாக்கத்தில் அடியில் பாறை. அங்கெல்லாம் ஜல்லிப் படுகையை ஆழமாக்கி, துளையிட்ட குழாய் வழியாக உபரி நீரைக் கசிவுநீர்க் குழிக்கோ கிணற்றுக்கோ கொண்டுபோக வேண்டும். இந்த ஏற்பாடு இல்லாமல் களிமண்ணில் போட்டால் கல் அமுங்கும், சேறாகும், அடுத்த ஆண்டே குடியிருப்போர் சங்கம் சிமென்ட் கலவை லாரியைக் கூப்பிடும். கொசு வருமே என்ற பயம் அடைத்துக்கொண்ட தரைக்குத்தான் பொருந்தும். நீர் இறங்கும் தரையில் கொசு முட்டையிடத் தேங்கிய நீர் கிடைக்காது. அடைப்பு வராமல் இருக்க, துளைகளில் சேரும் தூசியையும் சருகையும் அவ்வப்போது அள்ள வேண்டும். வண்டி கழுவவும் ஆயில் மாற்றவும் இந்தத் தரையில் யாரையும் அனுமதிக்கக் கூடாது. சிந்தும் ஆயிலுக்கும் அதே துளைதான் வழி, கீழே இருப்பது நம் போர்வெல்.

ஆனால் இரண்டு இடங்களில் விட்டுக்கொடுத்தே ஆக வேண்டும். சக்கர நாற்காலியில் வருபவருக்கும் ஊன்றுகோல் பிடிப்பவருக்கும் துளை விட்ட தரை பொறி. அவர்களுக்கான பார்க்கிங்கும் அங்கிருந்து லிப்ட் வரையிலான பாதையும் சமமான, உறுதியான தரையாகத்தான் இருக்க வேண்டும். 2016-ன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அணுகல் வசதியைச் சலுகையாகப் பார்க்கவில்லை. உயர்ந்த கட்டடங்களில் தீயணைப்பு வண்டி சுற்றிவரும் பாதை 45 டன் வரை தாங்க வேண்டும் என்கிறது தேசியக் கட்டட நெறித்தொகுப்பு. கார் நிறுத்தப் போட்ட புல் பேவர் அதற்கு ஈடுகொடுக்காது. அழகுக்காக அந்தப் பாதையிலும் பரப்பச் சொல்பவருக்கு இணங்க வேண்டாம்.

மிச்சமிருப்பது செலவு. வெறும் இன்டர்லாக் கல்லைவிட இது கூடுதல்தான். ஜல்லிக்கும் உழைப்புக்கும் காசு ஆகும். பழைய குடியிருப்புகள் எல்லாவற்றையும் ஒரே நாளில் பெயர்க்க வேண்டியதில்லை. சிமென்ட் வெடித்து மறுபடி போட வேண்டிய நேரம் வரும்போது, பள்ளமான மூலையில் நான்கைந்து கார் இடங்களில் தொடங்கலாம். பொதுக்குழுவில் தீர்மானம் போட்டு, ஒப்பந்ததாரர் ஜல்லி பரப்பும் அன்று இரண்டு உறுப்பினர்கள் பக்கத்தில் நின்று படம் எடுத்து வைத்தால் போதும். மரம் இருக்கிற இடத்தில் அடிமரத்தைச் சுற்றி ஒரு மீட்டராவது மண்ணாக விடுங்கள். டெல்லியில் பசுமைத் தீர்ப்பாயம் 2013-லேயே அப்படி உத்தரவிட்டிருக்கிறது. புது வீடு வாங்கியவர்கள் வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே அந்தக் குடத்துத் தண்ணீரை ஊற்றிப் பார்த்துவிடுவது நல்லது. சாவி கைக்கு வந்த நாளிலிருந்தே, குறையை பில்டர் சரிசெய்ய வேண்டிய அந்த ஐந்து ஆண்டு ஓடத் தொடங்கிவிடுகிறது.