தேநீர் குடித்த மடிக்கணினி

திருச்சியிலிருந்து சென்னை செல்லும் நெடுஞ்சாலையில், பெரம்பலூருக்கு வடக்கே ரஞ்சன்குடிக் கோட்டையைப் பார்த்திருக்கிறீர்களா? 1751-ஆம் ஆண்டில் ஆங்கிலேயப் படையும் பிரெஞ்சுப் படையும் மோதிக்கொண்ட வட்டாரம் அது. கோட்டையைச் சுற்றி அகழி உண்டு. அகழியில் தண்ணீர் நின்றால் கோட்டைக்குக் காவல். அதே தண்ணீர் மதிலுக்குள் புகுந்தால்?

மடிக்கணினியும் ஒரு சிறு கோட்டைதான். ஆனால் அதன் கூரையெங்கும் இடுக்குகள். ஒவ்வொரு விசையைச் சுற்றிலும் ஓர் இடைவெளி!

ரஞ்சன்குடியில் உங்கள் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து, அக்காவின் மடிக்கணினியில் பாடம் எழுதிக்கொண்டிருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். தமிழக அரசு 2011-ஆம் ஆண்டில் மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி வழங்கத் தொடங்கியது. பல வீடுகளுக்குள் நுழைந்த முதல் கணினி அதுதான். அக்காவின் படிப்பு முழுவதும் அதற்குள் இருக்கிறது. கை தட்டி, தேநீர் டம்ளர் அதன்மேல் சாய்கிறது!

துணி தேடி ஓடாதீர்கள். முதல் வேலை மின்சாரத்தை நிறுத்துவதுதான். ஈரக்கையைத் துடைத்துவிட்டு, முதலில் சுவரிலுள்ள சுவிட்சை அணையுங்கள். கணினியின் இயக்கப் பொத்தானைப் பத்து விநாடி அழுத்திப் பிடியுங்கள், அணைந்துவிடும். சார்ஜர், மவுஸ், பென் டிரைவ் எல்லாவற்றையும் பிடுங்கிவிடுங்கள். பேட்டரி கழற்றக் கூடியதென்றால் கழற்றுங்கள். பிறகு திரையை விரித்து, துண்டின்மேல் கூடாரம்போல் கவிழ்த்து வையுங்கள். வந்த வழியே தேநீர் வடியட்டும். துணியால் ஒற்றி எடுங்கள், தேய்க்காதீர்கள், உலுக்காதீர்கள். உலுக்கினால் ஈரம் இன்னும் உள்ளே போகும்.

ஏன் இந்த அவசரம்? தூய நீர் மின்சாரத்தை அரிதாகவே கடத்தும். ஆனால் கிணற்று நீரிலும் தேநீரிலும் உப்புகள் கரைந்து அயனிகளாக உலவுகின்றன. அவை மின்னோட்டத்தைச் சுமந்து, போகக்கூடாத இடத்துக்குக் கொண்டுபோகின்றன. இதுவே குறுக்குச்சுற்று.

இன்னொரு கெடுதலும் உண்டு. அது மெல்ல நடப்பது. ஈரத்தில் மின்னழுத்தம் இருக்கும்வரை, நேர்முனையிலுள்ள செம்பு கரைந்து எதிர்முனையை நோக்கி நகரும். அங்கே நுண்ணிய வேர்போல் வளர்ந்து, இரு தடங்களை இணைத்துவிடும். “காய்ந்துவிட்டதா, பார்ப்போம்” என்று இடையிடையே இயக்கிப் பார்ப்பது இந்த வேருக்கு நீரூற்றுவது போலத்தான்!

அரிசிப் பானையில் புதைத்தால் சரியாகிவிடும் என்பார்கள். நம்பாதீர்கள். காய்ந்தால் போவது தண்ணீர் மட்டுமே. சர்க்கரையும் பாலும் உப்பும் உள்ளேயே தங்கி, காற்றின் ஈரத்தை இழுத்து, உலோகத்தை அரிக்கும். அரிசியால் அவற்றை உறிஞ்ச முடியாது. அதன் தூள்தான் இடுக்கில் சேரும். கொளுத்தும் வெயிலிலும் வைக்காதீர்கள்; லித்தியம் பேட்டரிக்குச் சூடு ஆகாது. பேட்டரி உப்பினாலோ சுட்டாலோ அதைத் தொடாமல் விலகி, பெரியவர்களை அழையுங்கள். மற்றபடி, பழுதுபார்ப்பவரிடம் கொண்டுபோவதே நல்லது. அவர் கணினியைத் திறந்து, ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் பலகையைக் கழுவுவார். கணினியே பிழைக்காவிட்டாலும், பல கணினிகளில் தகவல் தட்டை மட்டும் கழற்றி அக்காவின் பாடங்களை மீட்டுவிடலாம்.

கணினி பிழைத்தது, ஆனால் சில விசைகள் மட்டும் வேலை செய்யவில்லை. ஒரு சொட்டு பட்ட இடம் ஒன்று, செத்த விசைகள் பலவா? காரணம் இதுதான். ஒவ்வொரு விசைக்கும் தனிக்கம்பி கிடையாது. கிடைக்கோடுகளும் நெடுக்கோடுகளுமாக, கோலப்புள்ளிபோல் விசைகள் அமைந்துள்ளன. 8 கிடைக்கோடு, 16 நெடுக்கோடு என்றால் 24 தடங்களிலேயே 128 விசைகளை அடையாளம் காணலாம். ஒரு தடம் அரிக்கப்பட்டால், அதைச் சார்ந்த விசைகள் பலவும் ஊமையாகும்.

பதற்றத்தில் துடைத்தபோது ஒரு விசை பெயர்ந்துவிட்டதா? அதனடியில், கத்தரிக்கோல்போல் பின்னிய இரு பிளாஸ்டிக் சட்டங்களும் நடுவில் ஒரு ரப்பர் குமிழும் இருக்கும். சட்டங்களின் கொக்கிகள் முழுதாக இருந்தால், விசையை நேராக வைத்து மெல்ல அழுத்தலாம்; ‘டிக்’ என்று அமரும். கொக்கி உடைந்திருந்தால் பசை போடாதீர்கள்; சட்டம் அசையாமல் ஒட்டிக்கொள்ளும். அதே மாதிரிக் கணினியின் விசைதான் பொருந்தும். அதுவரை ரப்பர் குமிழை மெதுவாக அழுத்தலாம். வெளி விசைப்பலகையையும் இணைக்கலாம். ஒரு விசைதானே என்று எண்ணாதீர்கள்! தமிழ்99 முறையில் ‘எஃப்’ விசைதான் புள்ளி. அது போனால் ‘கல்’ என்று அடிக்க முடியாது; ‘கல’ என்றுதான் வரும்.

செய்து பாருங்கள்: 9 வோல்ட் மின்கலம், 470 ஓம் மின்தடை, சிவப்பு எல்.இ.டி. விளக்கு ஆகியவற்றைச் செப்புக் கம்பியால் தொடராக இணையுங்கள். இடையில் கம்பியை வெட்டி, இரு முனைகளையும் ஒன்றையொன்று தொடாமல், பேட்டரிக்கு ஊற்றும் வாலைவடிநீரில் அமிழ்த்துங்கள். விளக்கு எரியாது, மிக மங்கலாகத் தெரிந்தாலும் தெரியலாம். இப்போது ஒரு சிட்டிகை உப்பு போட்டுக் கலக்குங்கள். விளக்கு எரியும்! சிறிது நேரத்தில் நேர்முனைக் கம்பியருகே நீர் கலங்குவதையும் கவனியுங்கள். அங்கே செம்பு கரைகிறது. மடிக்கணினிக்குள் நடப்பதும் இதுவே. வீட்டு மின்சாரத்தில் மட்டும் இதை ஒருபோதும் செய்யாதீர்கள்.

இனி, டம்ளர் எங்கே இருக்க வேண்டும்? மேசைக்குக் கீழே, அகழிக்கு அப்பால்!