திரை ஏன் இருண்டது?

ஆர்வத்தோடு கணிப்பொறியில் லினக்ஸை நிறுவுகிறோம். வேலை முடிந்து பொறியை மறுபடி முடுக்கினால் திரை இருண்டு கிடக்கிறது. கிராபிக்ஸ் கார்டு கெட்டுவிட்டது என்றெண்ணிப் புதிய கார்டுக்குப் பணம் தேடுவோரும் உண்டு. பெரும்பாலும் கார்டு நன்றாகவே இருக்கும். அதனோடு பேசத் தெரிந்த 'டிரைவர்' என்னும் இயக்கி நிரல்தான் பொருந்தாமல் போயிருக்கும். அது என்னவென்று பார்ப்போம்.

முதலில் கார்டின் வேலையைக் கவனிப்போம். சாதாரணத் திரை ஒன்றில் குறுக்கே 1,920, நெடுக்கே 1,080 ஒளிப்புள்ளிகள் உள்ளன. பெருக்கிப் பாருங்கள்: 20,73,600 புள்ளிகள்! திரை விநாடிக்கு 60 முறை புதுப்பிக்கப்படுகிறது. ஆக, ஒவ்வொரு விநாடியும் சுமார் 12 கோடியே 44 லட்சம் புள்ளிகளுக்கு நிறம் குறித்தாக வேண்டும். பொறியின் மையச் செயலகமே இதையும் செய்தால் மற்ற வேலைகள் தேங்கிவிடும் அல்லவா? ஆகவேதான் கார்டில் இதற்கென்றே ஏராளமான சிறு கணக்கீட்டு உறுப்புகளை அமைத்திருக்கிறார்கள்.

இவ்வுறுப்புகளுக்குக் கட்டளையிடும் வழி, 'ரெஜிஸ்டர்கள்' எனப்படும் சிறு பதிவிடங்கள். எந்த இடத்தில் எந்த எண்ணை எழுதினால் திரை ஒளிரும், எதில் எழுதினால் வேகம் கூடும் என்பது கார்டுக்குக் கார்டு மாறுபடும். இந்த விவரம் அறிந்த நிரலே இயக்கி. அதன் முக்கியப் பகுதி லினக்ஸின் கருவாகிய 'கெர்னலுக்கு' உள்ளேயே இருந்து வேலை செய்கிறது.

இன்டெல், ஏ.எம்.டி. கார்டுகளின் இயக்கிகள் கெர்னலுடனேயே வருகின்றன. அதனால் அவை பெரும்பாலும் தொல்லை தருவதில்லை. என்விடியா நிறுவனமோ நெடுங்காலம் தன் இயக்கியின் மூலநிரலை வெளியிடவில்லை. எனவே ஆர்வலர்கள் சிலர் வேறு வழியில் இறங்கினார்கள். இயற்பியல் ஆய்வுக்கூடத்தில் மூடிய பெட்டி ஒன்றைக் கொடுத்து, உள்ளே என்ன மின்சுற்று இருக்கிறது எனக் கண்டுபிடிக்கச் சொல்வதுண்டு. மின்னழுத்தத்தை மாற்றி மாற்றிக் கொடுத்து, வெளிவரும் மின்னோட்டத்தை அளந்து ஊகிப்போம். அதேபோல், நிறுவனத்தின் இயக்கி எந்தப் பதிவிடத்தில் என்ன எழுதுகிறது என்று உற்றுநோக்கிக் குறித்துக்கொண்டு, 'நூவோ' என்னும் இயக்கியை அவர்கள் எழுதினார்கள். 2010இல் அது கெர்னலில் சேர்க்கப்பட்டது. ஆனால் 2014இல் வெளிவரத் தொடங்கிய ஜி.டி.எக்ஸ். 900 வரிசைக் கார்டுகளில், வேகத்தைக் கூட்டும் பணிக்கு நிறுவனத்தின் மின்முத்திரை பெற்ற நிரல் தேவைப்பட்டது. நூவோவால் அக்கார்டுகளை மெதுவாகத்தான் ஓட்ட முடிந்தது.

இனி, திரை இருண்டால் என்ன செய்வது?

புதிதாக நிறுவியவுடன் இருண்டால், பொறி முடுங்கும்போது ஷிஃப்ட் அல்லது எஸ்கேப் சாவியை அழுத்தித் தொடக்கப் பட்டியலை வரவழையுங்கள். அதில் 'ஈ' என்னும் ஆங்கில எழுத்தை அழுத்தி, 'லினக்ஸ்' என்று தொடங்கும் வரியின் முடிவில் 'நோமோட்செட்' என்ற சொல்லைச் சேருங்கள். கார்டின் சிறப்புத் திறன்களைத் தொடாமல் எளிய முறையில் திரை தெரியும். பிறகு, உபுண்டு போன்ற தொகுப்புகளில் உள்ள 'கூடுதல் டிரைவர்கள்' பகுதியில் பரிந்துரைக்கப்பட்ட இயக்கியை நிறுவலாம். கூடுமானவரை தொகுப்பின் சொந்தக் களஞ்சியத்திலிருந்தே இயக்கியை எடுப்பது நல்லது.

நன்றாக ஓடிய பொறி, கெர்னலைப் புதுப்பித்தபின் இருண்டால் காரணம் வேறு. கெர்னலுக்கு வெளியிலிருந்து வரும் இயக்கிப் பகுதி, குறிப்பிட்ட ஒரு கெர்னலுக்கென்றே ஆக்கப்படுகிறது. பூட்டை மாற்றினால் பழைய சாவி சேராது. தொடக்கப் பட்டியலில் பழைய கெர்னலைத் தேர்ந்தால் திரை திரும்பும். 'டி.கே.எம்.எஸ்.' என்னும் ஏற்பாடு ஒவ்வொரு புதிய கெர்னலுக்கும் இயக்கியைத் தானே மறுபடி ஆக்கித் தரும். அதற்குரிய 'ஹெடர்' கோப்புகளும் இருக்க வேண்டும்.

மூன்றாவது காரணம் 'செக்யூர் பூட்' என்னும் காவல். இது முத்திரையில்லாத இயக்கியை உள்ளே விடாது. இயக்கியை நிறுவும்போது ஒரு கடவுச்சொல் கேட்கப்படும். அடுத்த முடுக்கத்தில் தோன்றும் நீலத் திரையில் அதைக் கொடுத்துச் சாவியைப் பதிவு செய்யவேண்டும். பலர் இத்திரையைக் கவனியாமல் தாண்டிவிடுகிறார்கள்!

2022 மே மாதத்தில் என்விடியா, கெர்னலுக்குள் இயங்கும் பகுதியின் மூலநிரலை வெளியிட்டது. ஆனால் இது 2018இல் வந்த டூரிங் வகை முதலான கார்டுகளுக்கே பொருந்தும். கெர்னலுக்கு வெளியே இயங்கும் பகுதி மூடியே இருக்கிறது.

மூலநிரல் திறந்திருந்தால் நமக்கென்ன என்று கேட்கலாம். 2010இல் வந்த ஃபெர்மி வகைக் கார்டுகளுக்கான தன் இயக்கியை அந்நிறுவனம் 2022 இறுதியோடு கைவிட்டது. கார்டில் பழுதொன்றும் இல்லை. அதன் மொழியைப் பேசுபவர் விலகிக்கொண்டார், அவ்வளவே. திறந்த நிரலான நூவோ அவற்றை இன்னும் இயக்கிக்கொண்டிருக்கிறது. பழைய பொறியைக் கொண்டே படிக்க வேண்டிய மாணவருக்கு இது பெரிய உதவியல்லவா? ஆகவே அடுத்த முறை கார்டு வாங்கும்போது, விலையோடும் வேகத்தோடும், "இதன் இயக்கி கெர்னலிலேயே இருக்கிறதா?" என்றும் கேளுங்கள்.