பருவமும் உடற்பரிசோதனையும்

வளர்ந்த மனிதன் தன் உடலின் நலிவைச் சொல்லால் உணர்த்த வல்லவன். நோவு எவ்விடத்தது, எப்பொழுது தொடங்கிற்று, எத்தன்மையது என்னும் வினாக்களுக்கு அவன் விடை கூறுவான். சிசுவுக்கோ அழுகை ஒன்றே மொழி. மூன்று வயதுப் பிள்ளை, நோவு எங்கிருப்பினும் வயிற்றைத் தொட்டுக் காட்டுவதுண்டு. பதினான்கு வயதினர் அறிந்தும் நாணத்தால் மறைப்பர். ஆதலின் பிள்ளைகளின் உடலைப் பரிசோதித்தல் என்பது வளர்ந்தோர்க்குரிய முறையைச் சுருக்கிக் கையாளுதலன்று. பருவந்தோறும் வேறுபடுவதொரு தனிக்கலையாகும். இக்கலையின் அடிப்படைகளை வைத்தியர் மாத்திரமன்றிப் பெற்றோரும் ஆசிரியரும் அறிந்திருத்தல் நன்று. வைத்தியர் பிள்ளையைக் காண்பது சில நிமிடங்களே. நாடோறும் காண்பவர் பெற்றோரும் ஆசிரியருமேயாவர்.

முதற்கண், பருவத்துக்குப் பருவம் உடலின் அளவுகள் எவ்வாறு மாறுகின்றன என்பதை நோக்குவோம். பிறந்த சிசுவின் தலை அதன் முழுநீளத்தில் ஏறத்தாழ நான்கிலொரு பங்கு. வளர்ந்தோர்க்கு அஃது எட்டிலொரு பங்கேயாம். ஏறத்தாழ 3 கிலோகிராம் நிறையோடும் 50 சென்ரிமீற்றர் நீளத்தோடும் பிறக்கும் பிள்ளை, ஐந்தாம் மாதமளவில் இருமடங்கு நிறையும், ஓராண்டு நிறைவில் மும்மடங்கு நிறையும் 75 சென்ரிமீற்றர் நீளமும் எய்தும். வளர்ந்தவரின் இதயம் நிமிடத்துக்கு 60 முதல் 100 தடவை துடிக்க, பச்சிளங் குழந்தையின் இதயம் 120 முதல் 160 தடவை வரை துடிப்பது இயல்பு.

இதனால் பெறப்படுவது யாதெனின், எண் ஒன்றை வயதினின்றும் பிரித்து நோக்கினால் அது பொருளற்றதாகும் என்பதே. நிமிடத்துக்கு 45 தடவை மூச்சுவிடுதல் ஒரு மாதக் குழந்தைக்கு இயல்பு. இருமலுற்ற நான்கு வயதுப் பிள்ளைக்கோ அது நியூமோனியாவின் அறிகுறியாகலாம். உலக சுகாதார நிறுவனம் விரைமூச்சுக்கு வயதுவாரியாக எல்லை வகுத்துள்ளது. இரண்டு மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு 60, இரண்டு மாதம் முதல் ஓராண்டு வரை 50, ஒன்று முதல் ஐந்து ஆண்டு வரை 40 என்பன அவ்வெல்லைகள். மூச்சினைப் பிள்ளை அமைதியாயிருக்கையில் முழு நிமிடமும் எண்ணுதல் வேண்டும். சிசுவின் மூச்சு சற்றே விரைந்தும் சற்றே நின்றும் இயங்குவதாதலின், கால் நிமிடம் எண்ணி நான்காற் பெருக்குதல் பிழைபடும்.

பிள்ளை பிறந்தவுடனேயே முதற் பரிசோதனை நிகழ்கின்றது. அமெரிக்க வைத்தியரான வேர்ஜீனியா அப்கார் அம்மையார் 1953 ஆம் ஆண்டில் வெளியிட்ட முறை இன்றும் உலகெங்கும் வழங்குகின்றது. இதயத்துடிப்பு, மூச்சு, தசையின் உறுதி, தூண்டலுக்குத் துலங்கும் தன்மை, மேனியின் நிறம் ஆகிய ஐந்துக்கும் தனித்தனி 0, 1, 2 எனப் புள்ளியிட்டு, பிறந்த முதல் நிமிடத்திலும் ஐந்தாம் நிமிடத்திலும் கூட்டிக் காண்பர். பின்னர் உச்சி முதல் உள்ளங்கால் வரை உறுப்புகள் நோக்கப்படும். அண்ணம் பிளவுபட்டுள்ளதா, இதயத்தில் வேற்றொலி கேட்கின்றதா, இடுப்புமூட்டு இடம் பெயர்ந்துள்ளதா என்பன அவற்றுட் சில. இடுப்புமூட்டின் குறை அப்பொழுதே காணப்படின் கால்களை விரித்துப் பிணித்து வைக்கும் பட்டிகளாலேயே பெரும்பாலும் சீராகும். நடை பயிலுங்காலத்திற் காணப்படின் சத்திரசிகிச்சை வேண்டப்படலாம். உச்சிக்குழியும் நல்லதோர் அறிகுறி. அது குழிந்திருப்பின் உடலில் நீர் குறைந்துள்ளதெனவும், அழாதிருக்கையிலும் புடைத்திருப்பின் மண்டையோட்டினுள் அமுக்கம் மிகுந்துள்ளதோ எனவும் ஐயுறுதல் தகும்.

அடுத்துவரும் மாதங்களில் உறுப்பின் அமைப்போடு அதன் தொழிலும் நோக்கற்பாலது. இதனை நம் முன்னோர் அறியாதவரல்லர். பிள்ளைத்தமிழின் இலக்கணம் வகுத்தோர் தலைநிமிர்த்து ஆடும் செங்கீரைக்கு ஐந்தாம் மாதத்தையும், இருந்து கைகொட்டும் சப்பாணிக்கு ஒன்பதாம் மாதத்தையும் உரியவாக்கினர். புலவர் இன்பம் நோக்கி வகுத்த இவ்வரிசையை வைத்தியர் நலம் நோக்கி வகுத்தனர் எனலாம். தலை நிற்றல், ஒலி வந்த திசைக்குத் திரும்புதல், துணையின்றி இருத்தல், நடத்தல் என்பன உரிய காலத்தில் நிகழ்கின்றனவா என அவர் வினவுவர். சில வாரங்கள் முற்பட்டும் பிற்பட்டும் நிகழ்தல் இயல்பே. பெரிதும் பிற்படின் ஆராய்தல் வேண்டும்.

இனி, பரிசோதிக்கும் ஒழுங்கும் வயதுக்கேற்ப மாறும். சிசு உறங்கும்போதோ அமைதியாயிருக்கும்போதோ முதலில் மூச்சை எண்ணி இதய ஒலியைக் கேட்டுவிடுதல் வேண்டும். அழத் தொடங்கியபின் அவை கிட்டா. ஒன்று முதல் மூன்று வயது வரையுள்ள பிள்ளை அந்நியரை அஞ்சும். அதனைத் தாய் மடியினின்றும் பிரித்தல் கூடாது. வைத்தியர் தொடுவதற்கு முன், அது நடப்பதையும் விளையாடுவதையும் எட்ட நின்று காண்பாராயின் பாதிப் பரிசோதனை முடிந்துவிடும். ஸ்டெதஸ்கோப்பைப் பிள்ளையின் கையிற் கொடுத்துப் பழக்குதலும், பாவையின் மார்பில் முதலில் வைத்துக் காட்டுதலும் அச்சத்தைத் தணிக்கும். காதையும் தொண்டையையும் பார்த்தல் பிள்ளைக்கு வெறுப்பூட்டுவதாதலின் அவை இறுதியில் நிகழவேண்டும். நான்கு ஐந்து வயதினரிடம், விளக்கை ஊதி அணைப்பதுபோல் ஊதுக என்றால் ஆழ்ந்து மூச்சுவிடுவர். பாடசாலை செல்லும் வயதினர்க்குச் செய்யப்போவதை விளக்கிக் கூறின், தலை முதல் கால் வரை முறைப்படி பரிசோதிக்க இடந்தருவர்.

பாடசாலைப் பருவத்திலேதான் ஆசிரியர்க்கு இக்கலையோடு நேர்த் தொடர்பு உண்டாகின்றது. இலங்கையில் 1926 ஆம் ஆண்டு களுத்துறையில் தொடங்கப்பெற்ற சுகாதாரப் பகுதியின் வழிவந்த சுகாதார வைத்திய அதிகாரிகள், பாடசாலைகளுக்குச் சென்று முதலாம், நான்காம், ஏழாம், பத்தாம் தர மாணவரைப் பரிசோதிக்கும் வழக்கம் உள்ளது. நிறை, உயரம், பார்வை, செவி, பல், தோல், குருதிச்சோகை முதலியன அங்கு நோக்கப்படும். இவற்றுள் பார்வையும் செவியும் கல்வியின் வாயில்கள். ஒரு கண் நன்கு தெரியுமாயின் மற்றக் கண்ணின் குறை வெளிப்படாது; ஆகவே ஒவ்வொரு கண்ணாக மூடி, 6 மீற்றர் தொலைவிலுள்ள எழுத்தட்டையை வாசிப்பித்தல் முறை. பயன்படாது சோம்பிய கண்ணை ஏழு வயதுக்கு முன் கண்டு மருத்துவஞ் செய்தலே பெரும்பயன் தரும். அங்ஙனமே தடிமனுக்குப்பின் நடுக்காதில் நீர் தேங்கிய பிள்ளை அரைகுறையாகவே கேட்கும். அழைத்தால் திரும்பாத பிள்ளையைக் கவனமற்றதென்றும், கரும்பலகையைப் பார்த்துப் பிழையாக எழுதும் பிள்ளையை மந்தமென்றும் நாம் தீர்ப்பளித்துவிடுகின்றோம். அத்தீர்ப்பைப் பிள்ளையும் நம்பிவிடும். பின்னர் மூக்குக்கண்ணாடி கிடைத்தாலும் இழந்த தன்னம்பிக்கை எளிதில் மீளாது.

குமரப்பருவத்தினரின் பரிசோதனைக்கு மறைவிடமும் மதிப்பும் இன்றியமையாதன. பரிசோதிக்கும் உறுப்பை மாத்திரமே திறந்து, ஏனையவற்றை மூடியிருத்தல் வேண்டும். உரிய துணை ஒருவர் உடனிருத்தலும், பெற்றோர் இல்லாதபோது சிறிதுநேரம் தனியே பேச வாய்ப்பளித்தலும் தகும். வளர்ச்சியின் வேகம் பெண்பிள்ளைகளுக்குப் பன்னிரண்டு வயதளவிலும், ஆண்பிள்ளைகளுக்குப் பதினான்கு வயதளவிலும் உச்சத்தை அடைவதால், ஒரே வகுப்பில் உயரம் வேறுபடுதல் குறையன்று. இதனை அவர்கட்கு எடுத்துரைப்பதுவும் பரிசோதனையின் ஒரு பகுதியே.

எப்பருவத்தினர்க்கும் பொதுவான உண்மை ஒன்றுண்டு. ஒருமுறை எடுத்த அளவு நிலையைக் காட்டும். தொடர்ந்து எடுத்த அளவுகளே போக்கினைக் காட்டும். பிரான்சு நாட்டு மொன்பெய்யார் என்பார் 1759 முதல் 1777 வரை தம் மகனின் உயரத்தைக் காலந்தோறும் அளந்து குறித்தார். வளர்ச்சி முதலாண்டில் மிக விரைந்து, பின் தணிந்து, குமரப்பருவத்தில் மீண்டும் எழுவதை அக்குறிப்பு இன்றும் காட்டி நிற்கின்றது. எட்டு வயது மாணவர் இருவர் இன்று 120 சென்ரிமீற்றர் உயரத்தினர் எனக் கொள்வோம். ஒருவன் சென்ற ஆண்டு 114, மற்றவன் 118. பாடசாலைப் பருவத்தில் ஆண்டுக்கு 5 அல்லது 6 சென்ரிமீற்றர் வளர்தல் இயல்பாதலின் முன்னவன் நலமாய் வளர்கின்றான். பின்னவனின் வளர்ச்சி தடைப்பட்டதற்குக் காரணந் தேடவேண்டும். இன்றைய அளவு மாத்திரம் இருப்பின் இருவரும் ஒருவரேபோற் றோன்றுவர்.

ஆதலின், மருத்துவமாது சிசுப்பருவத்திற் குறித்துத் தந்த பதிவேட்டைத் தாய்மார் பேணி வைத்திருப்பாராக. தவணைதோறும் உயரமும் நிறையும் அளந்து, முன்னைய அளவோடு ஒப்புநோக்க ஆசிரியர் முயல்வாராக. அளக்கும்போது பாதணியைக் கழற்றுவித்தலும் ஒரே தராசைப் பயன்படுத்துதலும் போதுமான கருவிமுறைகளாம். நோயைத் தீர்த்தல் வைத்தியர் கடன். ஐயத்துக்குரிய பிள்ளையைக் காலத்தில் இனங்கண்டு அவரிடம் சேர்ப்பித்தல் நம் கடன். மந்தமென்று ஒதுக்குமுன் அப்பிள்ளையின் கண்ணையும் செவியையும் பரிசோதிப்பித்தோமா என்று நம்மை நாமே வினவுவோமாக.