பேனுக்கு வயல் மருந்து வேண்டாம்

சேத்தியாத்தோப்பைச் சுற்றி நெல்லோ கரும்போ போடாத வீடு குறைவு. அதனால் பூச்சிமருந்து இல்லாத வீடும் குறைவு. எறவாணத்தில் செருகியோ, குளிக்கிற இடத்து மாடத்தில் ஷாம்புப் பாக்கெட்டோடு சேர்த்தோ, மீந்துபோன அரை பாட்டில் ஒன்று கிடக்கும். ஐந்து வயதுப் பிள்ளை தலையைச் சொறிந்தால் சிலர் கை நேராக அங்கேதான் போகிறது. "எண்ணெயில நாலு சொட்டு கலந்து தேய்ச்சு விடு, ஒரே நாள்ல செத்துடும்" என்று யோசனை சொல்லப் பக்கத்து வீட்டில் ஒரு பெரியம்மாவும் இருப்பார். பேன் சாகும்தான். பிள்ளை?

வயலுக்கு அடிக்கும் மருந்துகளில் பல ஆர்கனோபாஸ்பேட் வகையைச் சேர்ந்தவை. அவை தோல் வழியாகவே உடம்பில் ஏறும். சொறிந்து புண்ணான தலையில் இன்னும் வேகமாக ஏறும். 2013 ஜூலை 16 அன்று பீகாரின் சாரண் மாவட்டத்தில் பள்ளி மதிய உணவில் கலந்து 23 பிள்ளைகளின் உயிரைப் பறித்த மோனோகுரோட்டோபாஸ் இந்த வகைதான். தேய்த்த பிறகு எச்சில் ஒழுகினாலோ, வாந்தி எடுத்தாலோ, வியர்த்துக் கொட்டினாலோ, கண்மணி ஊசிமுனை போலச் சுருங்கினாலோ, மூச்சு இரைத்தாலோ காத்திருக்காதீர்கள். 108-ஐக் கூப்பிடுங்கள். வண்டி வருவதற்குள் சட்டையைக் கழற்றிவிட்டு, தலையைச் சோப்புப் போட்டு நிறையத் தண்ணீரில் அலசுங்கள். மருந்து பாட்டிலையும் கையோடு கொண்டுபோங்கள். என்ன மருந்து என்று தெரியாமல் டாக்டர் திணறுவதில் போகும் நேரம் பிள்ளையின் நேரம்.

சீத்தாப்பழக் கொட்டையை அரைத்துப் பூசுவது கைவைத்தியம்தானே என்பார்கள். அந்த விழுது வழிந்து கண்ணில் பட்டால் கருவிழி புண்ணாகிவிடும். பட்டுவிட்டால் கால் மணி நேரம் விடாமல் சுத்தமான தண்ணீரை ஊற்றிக் கழுவிவிட்டு, அன்றைக்கே கண் மருத்துவரிடம் போக வேண்டும். மண்ணெண்ணெயைப் பற்றிச் சொல்லவும் வேண்டுமா? அடுப்படியில் உட்காரும் தலை அது.

முதலில், இருப்பது பேன்தானா என்று பாருங்கள். சொறிகிற தலையெல்லாம் பேன் தலை இல்லை; பொடுகாக இருக்கலாம், படையாகவும் இருக்கலாம். தலையை நனைத்து, தேங்காய் எண்ணெயோ கண்டிஷனரோ தடவி, பகல் வெளிச்சத்தில் உட்காரவைத்து, பேன் சீப்பால் அடி மண்டையிலிருந்து நுனிவரை வாருங்கள். ஒவ்வொரு இழுப்புக்கும் சீப்பை வெள்ளைத் துணியில் துடைத்துப் பாருங்கள். காதுக்குப் பின்னாலும் பிடரியிலும்தான் அதிகம் கிடைக்கும். ஊதினால் பறப்பது பொடுகு. முடியோடு ஒட்டிக்கொண்டு நகராதது ஈர். மண்டையிலிருந்து அரை விரற்கடைக்கு மேல் தள்ளி இருக்கும் ஈர் பெரும்பாலும் பொரித்துப்போன வெறும் ஓடு. அதற்கு மருந்து வேண்டாம். உயிருள்ள பேன் ஒன்றைக் கண்ணால் பார்த்த பிறகுதான் மருந்து.

அந்த மருந்து பெர்மெத்ரின் 1 சதவீத லோஷன். மெடிக்கலில் "பேனுக்கு ஏதாவது குடுங்க" என்று கேட்டு, கொடுத்ததை வாங்கி வராதீர்கள். 5 சதவீதம் என்று போட்டிருந்தால் அது சொறிசிரங்கு மருந்து. காமா பென்சீன் ஹெக்ஸாகுளோரைடு என்று இருந்தால் திருப்பிக் கொடுங்கள். சிறு பிள்ளைகளுக்கு வலிப்பு வரவைக்கக்கூடியது அது. ஐவர்மெக்டின் மாத்திரை 15 கிலோவுக்குக் குறைந்த பிள்ளைக்கு ஆகாது. பெரிய பிள்ளைக்கும் டாக்டர் சொன்னால்தான். இரண்டு மாதம் நிறையாத கைக்குழந்தைக்கு எந்த லோஷனும் கூடாது, சீப்பு மட்டும்தான்.

எண்ணெய்ப் பிசுக்குப் போகத் தலைக்கு ஊற்றி, துண்டால் ஒற்றி, ஈரம் இருக்கும்போதே லோஷனைத் தடவுங்கள். கண்ணைத் துணியால் மூடி வையுங்கள். பத்து நிமிடம் கழித்து அலசிவிடுங்கள். கூடுதல் நேரம் ஊறினால் கூடுதல் பலன் என்பது இட்லி மாவுக்குச் சரி, இதற்கு இல்லை.

ஒன்பதாம் நாள் இன்னொரு முறை. நம் ஆட்கள் கோட்டை விடுவது இங்கேதான். மருந்துக்குத் தப்பிய ஈர் ஏழிலிருந்து பத்து நாளுக்குள் பொரிக்கும். இரண்டாம் முறை போடாமல் விட்டுவிட்டு, "மருந்து சரியில்லை, பக்கத்து வீட்டுப் பிள்ளையால் வந்தது" என்று சண்டைக்குப் போகிறார்கள். காலண்டரில் ஒன்பதாம் நாளை வட்டமிட்டு வையுங்கள். நடுவில் மூன்று நாளைக்கு ஒரு தடவை சீப்பு. ஒரே பாயில் படுப்பவர் எல்லோர் தலையையும் அன்றைக்கே பாருங்கள், பாட்டி தலையையும் சேர்த்து. தலையணை உறை, துண்டு, சீப்பு இவற்றை வெந்நீரில் போட்டால் போதும். வீடு முழுக்க மருந்தடிக்க வேண்டாம். தலையை விட்டு இறங்கிய பேன் இரண்டு நாளுக்கு மேல் தாங்காது.

தலையில் சீழ் வைத்தாலோ, கழுத்தில் நெறி கட்டினாலோ ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப்போங்கள். அங்கே சரியாகாவிட்டால் சிதம்பரம் அண்ணாமலைநகரில் உள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் தோல் நோய்ப் பிரிவு இருக்கிறது. சந்தேகம் கேட்க 104. பள்ளிக்கும் அங்கன்வாடிக்கும் நடமாடும் மருத்துவக் குழு வர வேண்டும்: அங்கன்வாடிக்கு வருடம் இருமுறை, பள்ளிக்கு ஒருமுறை. வந்தார்களா, தலையைப் பார்த்தார்களா என்று கேளுங்கள். கேட்காத ஊரில் பதிவேடு மட்டும்தான் நிரம்பும்.

பேன் இருப்பதாகச் சொல்லிப் பிள்ளையைத் தனி பெஞ்சில் உட்காரவைப்பதும், வகுப்பில் எல்லோர் முன்னாலும் சொல்லி அவமானப்படுத்துவதும், மொட்டை அடித்துக் கூட்டிவா என்பதும் நடக்கிறது. பேன் பறக்காது, தாவாது. தலையோடு தலை ஒட்டினால்தான் ஏறும். அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கமே, ஈர் இருப்பதற்காகப் பள்ளிக்கு வராதே என்று சொல்லக் கூடாது என்கிறது. 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு உடல் தண்டனையை மட்டுமல்லாமல் மன உளைச்சல் தருவதையும் தடை செய்கிறது. தனியார் பள்ளிக்கும் இது பொருந்தும்.

வாய்ச்சண்டை வேண்டாம். தலைமையாசிரியருக்கு ஒரு பக்கக் கடிதம்: பிள்ளையின் பெயர், வகுப்பு, நடந்த தேதி, யார் என்ன சொன்னார், மருந்து போட்ட நாள், 17-ஆம் பிரிவு. இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் பள்ளி முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். வாங்க மறுத்தால் ஒப்புகையோடு தபாலில் அனுப்புங்கள். அசையவில்லை என்றால் பள்ளிக்கல்வித் துறையின் 14417, குழந்தைகள் உதவி எண் 1098, அதற்கும் மேல் கடலூர் ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாள். அங்கன்வாடி என்றால் குழந்தை வளர்ச்சித் திட்ட அலுவலரிடம் போக வேண்டும். எங்கே போனாலும் முத்திரை வாங்கிய அந்தப் பிரதியின் நகலை இணையுங்கள். அது இல்லாமல் போனால் "எழுதிக் கொடுத்துட்டுப் போங்க" என்பதோடு முடிந்துவிடும். கிளம்பும் முன் அந்தப் பூச்சிமருந்து பாட்டிலை மாடத்திலிருந்து எடுத்துப் பிள்ளை கைக்கு எட்டாத இடத்தில் வைத்துப் பூட்டுங்கள்.