பாட்டிக்கும் பாப்பாவுக்கும் ஒரு கடற்கரைப் பயணம்: கம்ப்யூட்டரில் திட்டமிடுவது எப்படி?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் பலரும் பாட்டு, வீடியோ, இமெயில் என்று தொடங்கி அங்கேயே நின்றுவிடுகின்றனர். குடும்பத்துடன் வெளியூர் செல்லத் திட்டமிடும்போதும் அது பெரிதும் கைகொடுக்கும். ஆனால் அதனிடம் எதைக் கேட்க வேண்டும் என்று தெரிந்திருக்க வேண்டும். இதை நான் அனுபவப்பட்டுத்தான் கற்றுக் கொண்டேன்.

சென்ற ஆண்டு மூட்டு வலியுள்ள என் அம்மாவையும், எட்டு மாதக் குழந்தையையும் அழைத்துக்கொண்டு மதுரையிலிருந்து ஒரு கடற்கரை ஊருக்குச் சென்றோம். அறை பதிவு செய்த தளத்தில் ஹோட்டலின் பெயருக்குக் கீழே வீல்சேர் படம் இருந்தது. போய்ப் பார்த்தால் வாசலிலேயே நான்கு படிகள். குளியலறைக் கதவுக்குள் வீல்சேர் நுழையவில்லை. கடலுக்கோ நீண்ட மணல் வெளியைக் கடக்க வேண்டும். அம்மா காரிலேயே உட்கார்ந்துவிட்டார். "சத்தம் கேட்குதுல்ல, அது போதும்ப்பா" என்றார். இந்த முறை அப்படி நடக்கக் கூடாது என்று கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தேன். நான் செய்தவற்றை இங்கே வரிசையாகத் தருகிறேன்.

1. கேள்விகளை முதலில் எழுதுங்கள்

எக்ஸெல் திறந்து ஒரு அட்டவணை தயாரியுங்கள். இடம், படிகளின் எண்ணிக்கை, நடக்க வேண்டிய தூரம், கழிப்பறை, நிழல், போன் எண் எனத் தலைப்புகள் கொடுங்கள். வீல்சேரின் அகலத்தை டேப் வைத்து அளந்து அதையும் குறித்துக் கொள்ளுங்கள். ஒவ்வொரு இடத்திற்கும் எல்லாக் கட்டங்களும் நிரம்பிய பிறகுதான் முடிவெடுக்க வேண்டும்.

2. தூரத்தை அளந்து பாருங்கள்

நாங்கள் இந்த முறை தேர்ந்தெடுத்தது சென்னை மெரினா. கூகுள் மேப்ஸ் தளத்தில் மெரினாவைத் தேடி, சாட்டிலைட் படத்திற்கு மாறுங்கள். சாலைக்கும் அலைக்கும் நடுவே எவ்வளவு மணல் என்பது அப்போது புரியும். சாலையோரத்தில் ஒரு இடத்தில் மவுஸின் வலது பட்டனைக் கிளிக் செய்திடுங்கள். வரும் மெனுவில் தூரத்தை அளக்கும் வசதி இருக்கும். அதைத் தேர்ந்தெடுத்து, கடலோரத்தில் கிளிக் செய்தால் இடைப்பட்ட தூரம் மீட்டரில் கிடைக்கும்.

இந்த மணலைக் கடப்பதற்காக, விவேகானந்தர் இல்லம் அருகே மாற்றுத்திறனாளிகளுக்கான மரப்பாதை 2022 நவம்பரில் திறக்கப்பட்டது. நீளம் 263 மீட்டர், அகலம் 3 மீட்டர். வீல்சேரும் குழந்தையின் தள்ளுவண்டியும் இதில் செல்லலாம். ஆனால் போகவர அரை கிலோ மீட்டருக்கு மேல் ஆகிறது. வீட்டுக்குள் நடமாடும் பெரியவராக இருந்தாலும் இங்கே வீல்சேர் இருப்பது நல்லது. மருத்துவ உபகரணக் கடைகளில் வாடகைக்குக் கிடைக்கும்.

3. படத்தின் தேதியைப் பாருங்கள்

அதே மரப்பாதை, திறந்த சில நாட்களிலேயே, 2022 டிசம்பரில் வந்த மாண்டஸ் புயலில் சேதமடைந்தது. பின்னர் சரி செய்தனர். எனவே பழைய படத்தை நம்பிக் கிளம்பக் கூடாது. ஸ்ட்ரீட் வியூ காட்சியில் அது எந்த மாதம், எந்த ஆண்டு எடுத்தது என்று இருக்கும். ஹோட்டல்களுக்கு, விளம்பரப் படங்களை விட, தங்கியவர்கள் எடுத்துப் போட்ட படங்களைப் பாருங்கள். வாசல் படியும் குளியலறையும் அவற்றில்தான் தெரியும்.

4. ரயிலில் கீழ் பெர்த்

ஐ.ஆர்.சி.டி.சி. தளத்தில் மூத்த குடிமக்களுக்கான கீழ் பெர்த் ஒதுக்கீடு உண்டு. ஆண்களுக்கு 60 வயதும், பெண்களுக்கு 45 வயதும் நிறைந்திருக்க வேண்டும். ஆனால் ஒரு டிக்கெட்டில் அத்தகையவர்கள் ஒருவரோ இருவரோ மட்டும் இருந்தால்தான் இது பொருந்தும். உடன் இளையவர் ஒருவரைச் சேர்த்தால் பொருந்தாது.

குடும்பமாகச் செல்பவர்களுக்கு வேறு வழி இருக்கிறது. பயணிகள் விவரம் தரும் பக்கத்தில், இரண்டு கீழ் பெர்த் கிடைத்தால் மட்டுமே டிக்கெட் பதிவாக வேண்டும் என்று தேர்ந்தெடுக்கலாம். ஒன்று பாட்டிக்கு, மற்றொன்று குழந்தையுடன் படுக்கும் தாய்க்கு. கிடைக்காவிட்டால் டிக்கெட் பதிவாகாது, பணம் திரும்ப வந்துவிடும். ஐந்து வயதுக்குக் குறைந்த குழந்தைக்குத் தனி பெர்த் கேட்காவிட்டால் கட்டணம் இல்லை.

5. வானிலையும் அலையும்

அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழைக் காலம் என்பதால் அப்போது தவிர்ப்பது நல்லது. கிளம்பும் முன் இந்திய வானிலை ஆய்வுத் துறையின் தளத்தைப் பாருங்கள். அலையின் உயரத்தையும் கள்ளக்கடல் எச்சரிக்கையையும், ஹைதராபாத்தில் உள்ள இந்திய தேசிய கடல்சார் தகவல் சேவை மையத்தின் தளம் தருகிறது. மெரினா கிழக்கு நோக்கிய கடற்கரை. மாலையில் சூரியன் நமக்குப் பின்னால் இருக்கும். கடலைப் பார்த்து உட்காரும் குழந்தையின் கண்ணில் வெயில் படாது. ஆனால் அங்கே அலையின் இழுப்பு அதிகம் என்பதால் தண்ணீரில் இறங்க வேண்டாம்.

6. கடைசியில் ஒரு போன்

எல்லாம் முடிந்ததும் ஹோட்டலுக்குப் போன் செய்திடுங்கள். "வீல்சேர் வசதி உண்டா?" என்று கேட்டால் "உண்டு சார்" என்றுதான் பதில் வரும். "வாசலில் எத்தனை படி? குளியலறைக் கதவு எத்தனை அங்குலம்?" என்று கேளுங்கள். நான் கேட்டபோது, எதிர்முனையில் இருந்தவர் டேப் எடுத்துப் போய் அளந்து வந்து சொன்னார். அங்கேதான் அறை எடுத்தோம்.

அட்டவணையையும் பாட்டியின் மருந்துப் பட்டியலையும் பெரிய எழுத்தில் பிரிண்ட் எடுத்துக் கொள்ளுங்கள். செல்போனில் சார்ஜ் தீர்ந்தாலும் கவலை இல்லை.

அன்று மாலை மரப்பாதையின் முடிவில், பேத்தியை மடியில் வைத்துக்கொண்டு அம்மா ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தார். கிளம்பலாமா என்று கேட்டதற்கு, "இருடா, இப்பத்தானே வந்தோம்" என்றார். அடுத்த விடுமுறைக்கு நீங்களும் இப்படித் திட்டமிட்டுப் பாருங்கள்.