பழைய கணினிக்கு எந்த லினக்ஸ்: நீண்டகால ஆதரவா, புதிய வெளியீடா?

விண்டோஸ் 10 இற்கான வழமையான ஆதரவை மைக்ரோசொப்ட் நிறுவனம் 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியுடன் நிறுத்தியது. விண்டோஸ் 11 இற்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் ஓரளவு புதிய செயலியும் தேவை. நுகேகொடையிலோ பம்பலப்பிட்டியிலோ வாங்கிய, நன்கு பாவித்த மடிக்கணினி என்றால் இவை இல்லாதிருக்கவே வாய்ப்பு அதிகம். அத்தகைய கணினியைத் தூக்கி எறியாமல் பயன்படுத்த, இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸ் நல்ல வழி.

ஆனால் உபுண்டு போன்ற லினக்ஸ் வகையைப் பதிவிறக்கச் சென்றால் பெரும்பாலும் இரண்டு பதிப்புகள் இருக்கும். ஒன்று எல்டிஎஸ் எனப்படும் நீண்டகால ஆதரவுப் பதிப்பு. மற்றது அதைவிடப் புதியது. எதை எடுப்பது?

என்ன வித்தியாசம்?

உபுண்டு ஆறு மாதத்துக்கு ஒரு வெளியீட்டைத் தருகிறது. இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை ஏப்ரலில் வருவது எல்டிஎஸ். அதற்கு ஐந்து ஆண்டுகள் பாதுகாப்புத் திருத்தங்கள் கிடைக்கும். 2024 ஏப்ரலில் வந்த 24.04 இற்கு 2029 வரை ஆதரவு உண்டு. உபுண்டு புரோ கணக்கில் பதிந்தால் பத்து ஆண்டுகள்; தனிப்பட்ட பாவனைக்கு ஐந்து கணினிகள் வரை இது இலவசம்.

இடையில் வரும் வெளியீடுகளுக்கு ஒன்பது மாதங்கள் மட்டுமே. 2025 ஒக்டோபரில் வந்த 25.10 இன் ஆதரவு 2026 ஜூலையுடன் முடிகிறது. பெடோராவுக்கு ஏறத்தாழ 13 மாதங்கள். டெபியனுக்கு, நீண்டகால ஆதரவுக் குழுவின் பணியையும் சேர்த்தால், ஐந்து ஆண்டுகள். லினக்ஸ் மின்ட் 22 உபுண்டு 24.04 ஐ அடிப்படையாகக் கொண்டது. அதுவும் 2029 வரை.

எல்டிஎஸ் என்றால் எல்லாமே பழையது என்பது தவறான எண்ணம். பயர்பொக்ஸ் உலாவி அதிலும் புதுப்பிக்கப்பட்டுக்கொண்டே இருக்கும். லிப்ரே ஒபிஸ் போன்றவை ஒரு பதிப்பிலேயே நின்றாலும் பாதுகாப்புத் திருத்தங்கள் வரும். தமிழ் எழுத்துருக்களும் தமிழ்99 விசைப்பலகையும் இரண்டிலும் உண்டு.

புதியது எப்போது தேவை?

அண்மையில் சந்தைக்கு வந்த மடிக்கணினியில் வைபை அல்லது திரை சரியாக இயங்காவிட்டால் புதிய வெளியீடு உதவலாம். அப்போதும் முதலில் எல்டிஎஸ்ஸின் பிந்திய திருத்தப் பதிப்பைப் பாருங்கள். 2025 ஓகஸ்டில் வந்த 24.04.3 இல் புதிய வன்பொருள்களுக்கான கேர்ணல் சேர்க்கப்பட்டுள்ளது. பென் ட்ரைவிலிருந்தே இயக்கிப் பார்த்துவிட்டு நிறுவலாம். மிகப் பழைய 32 பிட் கணினி என்றால் கவனம்: டெபியன் 13 ஐ அதில் புதிதாக நிறுவ முடியாது.

யார் புதுப்பிப்பார்?

முக்கியமான கேள்வி இதுதான். இடைக்கால வெளியீட்டைத் தெரிவுசெய்தால் ஆண்டுக்கு ஒருமுறையாவது முழு இயங்குதளத்தையும் மாற்ற வேண்டும். அதற்குப் பெருமளவு டேட்டாவும் கணினி தெரிந்த ஒருவரும் தேவை. நிறுவித்தந்த மகன் வெளிநாடு போய்விட்டால், வீட்டில் இருக்கும் அம்மாவின் கணினி ஒன்பது மாதத்தில் பாதுகாப்பற்றதாகிவிடும்.

நம்மில் பலரது கணினிகளில் இருப்பது சாதாரணக் கோப்புகள் அல்ல. இடப்பெயர்வில் மூலப்பிரதி தொலைந்த காணி உறுதி, பிறப்புச் சான்றிதழ், காணாமல் ஆக்கப்பட்டவரின் ஒளிப்படம், கொடுத்த முறைப்பாடுகளின் பிரதிகள் என மீண்டும் பெறமுடியாதவை அவற்றில் இருக்கலாம். அத்தகைய கணினிக்கு அடிக்கடி மாறாத எல்டிஎஸ் பொருத்தமானது. ஊர்ச் சங்கங்களுக்கும் சிறு ஆவணக் காப்பகங்களுக்கும் இதே கணக்குத்தான். 2005 முதல் ஈழத்து நூல்களை எண்ணிமப்படுத்திவரும் நூலகம் தளம் இயங்கும் மீடியாவிக்கி மென்பொருளிலும் மூன்று ஆண்டு ஆதரவுள்ள எல்டிஎஸ் வெளியீடுகள் தனியாக உண்டு.

வாக்குறுதியும் மாறலாம்

சென்ட்ஓஎஸ் 8 இற்கு 2029 வரை ஆதரவு என்றே சொல்லப்பட்டிருந்தது. 2020 டிசெம்பரில் அந்த முடிவு மாற்றப்பட்டு, 2021 டிசெம்பர் 31 உடன் ஆதரவு நின்றது. அதை நம்பிச் சேவையகங்களை அமைத்தவர்கள் அல்மாலினக்ஸ், ரொக்கிலினக்ஸ் போன்றவற்றுக்கு மாறவேண்டியதாயிற்று.

எனவே நிறுவும் அன்றே ஆதரவு முடியும் திகதியை ஒரு தாளில் எழுதிக் கணினியில் ஒட்டிவையுங்கள். அதற்கு ஆறு மாதம் முன்பே அடுத்த எல்டிஎஸ்ஸுக்கு மாறத் திட்டமிடுங்கள். கோப்புகளின் ஒரு பிரதியை வெளி வன்தட்டில் எடுத்து, வேறு வீட்டில் வையுங்கள். 1981 இல் யாழ். பொது நூலகத்தோடு எரிந்தவற்றுள் வேறு பிரதியே இல்லாத சுவடிகளும் இருந்தன. எந்த இயங்குதளமும் இரண்டாவது பிரதிக்கு ஈடாகாது.