சொல்லித்தர வேண்டாம், கேட்டால் போதும்

"கண்ணு ரெண்டையும் விட்டுட்டுத் தோலை உரிச்சிடுங்க சார்!"

ஜூன் மாதம் பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க வருகிற அப்பாக்கள் வாத்தியாரிடம் சொல்கிற பழைய வசனம். சொல்கிறவர் கொடுமைக்காரர் இல்லை. பிள்ளை மேல் உயிரையே வைத்திருப்பவர்தான். "எனக்குப் படிப்பு வராது, இது என் கைக்கு மீறின சங்கதி, இனிமே உங்க பாடு" என்பதைத்தான் அவர் அப்படிச் சொல்கிறார். தோலை உரிக்கிற சமாச்சாரத்துக்கு 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆவது பிரிவு முற்றுப்புள்ளி வைத்துவிட்டது. அடித்தால் ஆசிரியர் மீது ஒழுங்கு நடவடிக்கை உண்டு. எனக்குக் கவலை அந்த வசனத்தின் மிச்சப் பாதியைப் பற்றி. பிள்ளையை ஒப்படைத்ததோடு தன் வேலை முடிந்தது என்று நினைக்கிறாரே, அதைப் பற்றி.

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை ஆண்டுக்குக் குறைந்தது 200 வேலை நாள், 800 மணி நேரம் பாடம் நடக்க வேண்டும் என்பது அதே சட்டத்தின் அட்டவணை. ஒரு வருஷத்துக்கு மொத்தம் 8,760 மணி நேரம். பிள்ளை தினமும் பத்து மணி நேரம் தூங்கினால் அதில் 3,650 போகும். பாடத்துக்கு 800. மிச்சம் 4,310 மணி நேரம் வீட்டிலும் தெருவிலும் கழிகிறது. வாத்தியார் கையில் இருப்பதைப் போல ஐந்து மடங்குக்கும் மேல். தனக்குப் படிப்பு வராது என்று ஒதுங்குகிற அப்பாவிடம்தான் அத்தனை நேரமும் இருக்கிறது.

திண்டிவனத்திலிருந்து மரக்காணம் போகிற சாலையில் பிரம்மதேசம். சுற்றிலும் நெல், மல்லாட்டை, தர்பூசணி, சவுக்கு. இன்னும் கிழக்கே போனால் மரக்காணத்து உப்பளங்கள். விடிவதற்குள் களை வெட்டக் கிளம்பிவிடும் அம்மா, சென்னைக்கோ புதுச்சேரிக்கோ பஸ் பிடிக்கும் அப்பா, வீட்டைப் பார்த்துக்கொள்ளும் ஆயா. பல வீடுகளில் பிள்ளைகள்தான் பத்தாம் வகுப்பைத் தொடுகிற முதல் தலைமுறை. இந்த ஊர்களில் போய், "தினமும் உட்கார்ந்து பாடம் சொல்லிக்கொடுங்கள்" என்று பெற்றோருக்கு உபதேசம் செய்கிறவரைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வரும். யாருக்கு முடியும் அது?

முடிகிற காரியம் ஒன்று இருக்கிறது. அதற்கு இந்தப் பக்கத்திலேயே அத்தாட்சியும் உண்டு. கொரோனாவால் 2020 மார்ச்சில் மூடிய பள்ளிகள், ஒன்று முதல் எட்டு வரையிலான வகுப்புகளுக்கு 2021 நவம்பர் 1 அன்றுதான் திறந்தன. அதற்கு ஐந்து நாள் முன்பு, அக்டோபர் 27 அன்று, 'இல்லம் தேடிக் கல்வி' திட்டத்தை முதலமைச்சர் தொடங்கிவைத்த இடம் இதே மரக்காணம் ஒன்றியத்து முதலியார்குப்பம். சாயங்காலம் ஐந்து மணியிலிருந்து ஏழுக்குள் ஒரு மணி, ஒன்றரை மணி நேரம். கோயில் மண்டபம், வீட்டுத் திண்ணை, மரத்தடி என்று கிடைத்த இடத்தில் பிள்ளைகளை உட்காரவைத்து, மாதம் ஆயிரம் ரூபாய் ஊக்கத்தொகைக்கு அந்தந்த ஊர்ப் பெண்களே பெரும்பாலும் நடத்தினார்கள். அவர்கள் பயிற்சி பெற்ற ஆசிரியர்கள் இல்லை. பன்னிரண்டாவது படித்தவர், கல்லூரி முடித்துக் கல்யாணம் ஆகி வந்தவர், அவ்வளவுதான். பாட்டும் கதையும் விளையாட்டுமாகப் போன அந்த நேரத்தில், ஒவ்வொரு பிள்ளையும் பேசுவதைக் கேட்க ஒருவர் எதிரில் இருந்தார். மறந்துபோன எழுத்து அப்படித்தான் திரும்பி வந்தது. பின்னாளில் மையங்கள் குறைந்தன. சாயங்காலம் மட்டும் அப்படியே வீட்டில் கிடக்கிறது.

அந்த இடத்தில் நீங்கள் உட்காரலாம். பத்து நிமிஷம் போதும். சோறு கொதிக்கும்போதோ, மல்லாட்டை உரிக்கும்போதோ, பக்கத்தில் பிள்ளையை உட்காரவைத்துச் சத்தம் போட்டுப் படிக்கச் சொல்லுங்கள்.

"எனக்கே எழுத்து தெரியாதே, அது சரியாப் படிக்குதான்னு எப்படித் தெரியும்?" என்று கேட்கிற அம்மாவுக்குப் பதில் சுலபம். சினிமாவில் ஒருவன் வசனம் பேசத் தடுமாறினால் உங்களுக்குத் தெரிகிறதா இல்லையா? தமிழ் உங்கள் காதில் இருக்கிறது. வார்த்தை வார்த்தையாகப் பிய்த்துப் படித்தால் உங்களுக்குப் பொருள் விளங்காது. பிள்ளைக்கும் விளங்கவில்லை என்று அர்த்தம். கதை போல ஓடினால் சரி. ஒரு தந்திரம் மட்டும் தெரிந்துகொள்ளுங்கள். சின்னப் பிள்ளைகள் பாடத்தை மனப்பாடமாக ஒப்பிப்பதில் கெட்டிக்காரர்கள். பக்கத்தைப் பார்த்தபடியே, படிக்காமலே சொல்லிவிடுவார்கள். புத்தகத்தை நடுவில் திறந்து, ஒரு வரியின் பாதியில் விரலை வைத்து, "இங்கேருந்து படி" என்று சொல்லுங்கள். சாயம் வெளுத்துவிடும்.

2005 முதல் 'பிரதம்' அமைப்பு நாடு முழுக்க ஊர் ஊராகப் போய் எடுக்கிற 'அசர்' கணக்கெடுப்பிலும் வித்தை ஒன்றும் இல்லை. எழுத்து, சொல், ஒரு சின்னப் பத்தி, இரண்டாம் வகுப்பு அளவுக்கு ஒரு கதை. இவ்வளவுதான் அவர்கள் பிள்ளையின் கையில் கொடுக்கிற தாள். அதை நீங்களே செய்துவிடலாம். ஐந்தாம் வகுப்புப் பிள்ளையிடம் பக்கத்து வீட்டு இரண்டாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்தைக் கொடுத்துப் பாருங்கள். திணறினால் அடிக்காதீர்கள், டியூஷனுக்கும் ஓடாதீர்கள். அந்த இரண்டாம் வகுப்புப் புத்தகத்திலிருந்தே தொடங்குங்கள். வெட்கப்பட்டால், "தங்கச்சிக்குப் படிச்சுக் காட்டு" என்று சொன்னால் போதும், வாத்தியார் வேஷம் போட எந்தப் பிள்ளைக்குத்தான் ஆசையில்லை?

கணக்கும் அப்படித்தான். மல்லாட்டை மூட்டை 80 கிலோ என்றால் ஐந்தரை மூட்டை எத்தனை கிலோ? பால் சொசைட்டிச் சீட்டில் பத்து நாளுக்கு என்ன வரவேண்டும், எவ்வளவு வந்திருக்கிறது? ஐந்நூறு ரூபாய் நோட்டோடு கடைக்கு அனுப்பினால் மிச்சம் எவ்வளவு கொண்டுவர வேண்டும்? வாய்ப்பாடு கேட்பதைவிட இது நல்லது, ஏனென்றால் இங்கே தப்பு நடந்தால் உங்களுக்கே தெரிந்துவிடும். விடை வந்ததும் விட்டுவிடாமல், "எப்படிப் போட்ட?" என்று ஒரு கேள்வி சேர்த்துக் கேளுங்கள். போட்ட வழியை வாய்விட்டுச் சொல்லும்போதே பாதிப் பிள்ளைகள் தங்கள் தப்பைத் தாங்களே பிடித்துக்கொள்வார்கள்.

"நல்லாப் படிச்சியா?" என்று கேட்டால் "ம்" என்றுதான் பதில் வரும். பெரியவர்களிடம் "நல்லா வேலை செஞ்சியா?" என்று கேட்டால் மட்டும் என்ன வரும்? கேள்வியைப் பொடியாக்குங்கள். இன்னைக்கு யார் பக்கத்துல உட்கார்ந்த? மிஸ் யாரைத் திட்டினாங்க? எது சிரிப்பா இருந்தது? எது புரியல? இந்தச் சில்லறைப் பேச்சு தினமும் நடந்தால்தான், பெரிய விஷயம் ஒன்று நடக்கிற நாளில் பிள்ளை வாயைத் திறக்கும். "அந்த மாமா வண்டியில வரமாட்டேன்" என்று ஒரு பெண் குழந்தை சொன்னால், "சோம்பேறி, நட" என்று அதட்டும் முன் ஒரு நிமிஷம் நில்லுங்கள். ஏன் என்று தனியாக உட்கார்ந்து கேளுங்கள். சொல்வதை நம்புங்கள். 1098 என்ற குழந்தைகள் உதவி எண் 24 மணி நேரமும் இயங்குகிறது, காசு கிடையாது. பையன்களுக்கும் இதே விதிதான்.

மதிப்பெண் திடீரென்று சரிந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது கண்ணை. கரும்பலகையில் இருப்பதைத் தப்பாக எழுதி வருகிறதா, பக்கத்துப் பிள்ளையின் நோட்டைப் பார்த்து எழுதுகிறதா, டிவிக்கு முகத்தை ஒட்டி உட்காருகிறதா? 'கவனமில்லாத பிள்ளை' என்று நாம் பெயர் வைக்கிற சிலருக்குக் கண்ணாடிதான் மருந்து. தூரத்தில் வருகிற பஸ்ஸின் போர்டைப் படிக்கச் சொல்லிப் பார்ப்பது வீட்டுச் சோதனை. அதன்பிறகு அரசு மருத்துவமனை.

கண்ணுக்கு அடுத்தது வயிறு. சோற்றைப் பற்றிச் சொல்லும் முன் கொஞ்சம் பழங்கதை. இந்த விழுப்புரம் மாவட்டத்திலேயே இன்னொரு பிரம்மதேசமும் இருக்கிறது, சோழர் கோயில்களோடு. அதன் அருகில் உள்ள ஊர் எண்ணாயிரம். அங்கே முதலாம் ராஜேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு ஒன்று ஒரு கல்லூரியின் வரவு செலவையே பொறித்து வைத்திருக்கிறது. மாணவர்கள் 340 பேர், ஆசிரியர்கள் 14 பேர், இந்தச் செலவுக்கென விட்ட நிலம் 45 வேலி. இளைய மாணவர் 270 பேருக்கு ஆளுக்கு நாளொன்றுக்கு ஆறு நாழி நெல், மூத்தவர் 70 பேருக்குப் பத்து நாழி. பாடத்தைக் கல்லில் வெட்டும்போதே சோற்றையும் சேர்த்து வெட்டியிருக்கிறார்கள் பாருங்கள். அங்கே கற்பித்தது வேதமும் வியாகரணமும் மீமாம்சையும். படித்தவர்கள் வேதியர் வீட்டுப் பையன்கள். அந்த நிலத்தில் ஏர் பிடித்தவனின் பிள்ளைக்கு அங்கே இடம் கிடையாது. ஆயிரம் வருஷப் பெருமை பேசுகிறவர்கள் இதையும் சேர்த்துப் பேசட்டும்.

ஏர் பிடித்தவன் பிள்ளைக்குப் பள்ளியில் சோறு வர ரொம்ப காலம் ஆயிற்று. 1956-இல் காமராஜரின் மதிய உணவு, 1982-இல் எம்.ஜி.ஆரின் சத்துணவு, 2022 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய காலை உணவு. அந்தக் காலைத் திட்டம் 2023 ஆகஸ்டில் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்துவிட்டது. உப்புமா, கிச்சடி, பொங்கல் என்று மணி அடிக்கும் முன்பே சூடாகக் கிடைக்கிறது. இதை வாங்கிச் சாப்பிடப் பிள்ளையை விடாமல், "நாம என்ன இல்லாதப்பட்டவங்களா?" என்று கௌரவம் பார்க்கிற வீடுகள் இருக்கின்றன. அது வீம்பு. பத்து நிமிஷம் முன்னதாக அனுப்பிவையுங்கள், சேர்ந்து சாப்பிடட்டும். ஆறாம் வகுப்புக்குப் போன அக்காவுக்கு அந்தச் சாப்பாடு கிடையாது என்பதையும் மறக்க வேண்டாம். பால் பிஸ்கட்டோடு ஓடுகிற பெரிய பிள்ளைதான் இரண்டாவது பீரியடிலேயே தலை சுற்றி உட்காருகிறது. முந்தின நாள் சோற்றில் மோர் ஊற்றி, ஒரு கை மல்லாட்டை வறுத்துக் கொடுத்தாலும் போதும்.

தூக்கத்துக்கு மருத்துவர்கள் சொல்கிற கணக்கு: ஆறு வயது முதல் பன்னிரண்டு வரை ஒன்பதிலிருந்து பன்னிரண்டு மணி நேரம், பதின்மூன்றிலிருந்து பதினெட்டு வரை எட்டிலிருந்து பத்து. காலை ஆறுக்கு எழுப்ப வேண்டிய எட்டு வயதுப் பிள்ளை இரவு எட்டரைக்காவது படுத்தாக வேண்டும். ஒன்பதரை மணி சீரியலை வீடே உட்கார்ந்து பார்த்தால் இது நடக்காது. செல்போன் விஷயத்தில் ஒரே ஒரு விதி போதும். இரவில் அது சமையற்கட்டில் சார்ஜ் ஆகட்டும், அப்பாவின் போனும் சேர்த்து.

இந்தப் பக்கத்து வீடுகளில் சாயங்காலம் ஐந்தரை மணிக்கு என்ன நடக்கிறது? பையன் பேட்டைத் தூக்கிக்கொண்டு வெளியே போகிறான். அவன் பள்ளியிலேயே படிக்கிற தங்கச்சியோ அக்காவோ குழாயடியில் குடத்தோடு நிற்கிறது. பிறகு பாத்திரம், பிறகு தம்பியைப் பார்த்துக்கொள்வது. அது புத்தகத்தைத் தொடும்போது கண் சொக்கிவிடும். ஆறிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போகிற பெண்ணுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் தருகிறது 2022-இல் வந்த புதுமைப் பெண் திட்டம். அந்த ஆயிரத்தை வாங்கப் பெண் கல்லூரி வரை போய்ச் சேர வேண்டுமே. குடத்தில் பாதியைப் பையன் தூக்கட்டும். அவனுக்கும் அதில் ஒரு படிப்பு உண்டு.

பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிடுவதைப் பற்றி நான் நீட்டி எழுதப்போவதில்லை. உங்களை உங்கள் மச்சானோடு ஒப்பிட்டு மாமியார் பேசிய நாளை நினைத்துக்கொள்ளுங்கள்.

பள்ளி மேலாண்மைக் குழுவைப் பற்றி மட்டும் சொல்லிவிடுகிறேன். கல்வி உரிமைச் சட்டத்தின் 21-ஆவது பிரிவுப்படி அந்தக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர் இருக்க வேண்டும், மொத்தத்தில் பாதிப் பேர் பெண்கள். கழிப்பறைக்குத் தண்ணீர் வரவில்லை, மூன்றாம் வகுப்புக்கு ஆசிரியர் இல்லை, சுற்றுச்சுவர் சாய்ந்திருக்கிறது என்பதையெல்லாம் எழுத்தில் தீர்மானமாகப் போட அதிகாரம் அங்கே இருக்கிறது. கையெழுத்துப் போட மட்டும் கூப்பிட்டால், நோட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று உங்கள் பெண்ணையே படித்துக் காட்டச் சொல்லுங்கள். அங்கே நடக்காததைக் கிராம சபையில் கேளுங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. வருஷத்துக்கு ஆறு முறை அந்த மேடை உங்களுக்காகக் கூடுகிறது.

இதெல்லாம் நாளைக்கு ஆகட்டும். இன்று சாயங்காலம் பிள்ளை வீட்டுக்குள் வந்து பையைக் கழற்றிப் போடும்போது, "இன்னைக்கு மிஸ் என்ன கதை சொன்னாங்க?" என்று கேளுங்கள். "ஒண்ணும் இல்ல" என்றுதான் முதல் நாள் பதில் வரும். நாளைக்கும் கேளுங்கள்.